சகலையின் வலது பக்கம்

அந்தக் குடும்பத்தில் மாரடைப்பு வந்த ஒரே ஆள் என்கிற பெருமை பல வருடங்களாக ஹார்ட்டுக்காரரிடம்தான் இருந்தது. அவருக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தெருமுனையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணைக் காட்டிக்கொள்ள வருகிறவர்கள் சுவரில் மாட்டிய பலகையின் கடைசி வரியைப் படித்து முடிப்பதற்குள், அவருடைய மாரடைப்புக் கதை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்திருக்கும்.

"அன்னிக்கு சட்டைப் பட்டனைப் போட்டுக்கிட்டிருந்தேன்" என்று அவர் ஆரம்பித்தால், அவர் மனைவி எழுந்துபோய்க் கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவுவாள்.

சலிக்காமல் கேட்ட ஒரே ஜீவன் அவருடைய சகலை. மனைவியின் தங்கை புருஷன். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லாண்டரி நடத்திவந்தார். குடித்தனம் நடுமாடியில்; ஹார்ட்டுக்காரர் மேல்மாடி. சகலை அதிகம் பேசாத மனிதர். கதை நடக்கும்போது சரியான இடத்தில் "ம்" போடுவார், இன்னும் சரியான இடத்தில் "அடடா" சொல்வார். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற வித்தை அவருக்குக் கைவந்திருந்தது என்பது ஹார்ட்டுக்காரருக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு குடும்பமும் மேல்மாடியில் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட கையோடு சகலை நாற்காலியில் சாய்ந்து, வயிற்றுக்கு மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"என்னமோ கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு சகலை. குமட்டுது" என்றார்.

ஹார்ட்டுக்காரர் துள்ளி எழுந்தார். அவர் முகத்தில் கவலையைவிட வேறு ஏதோ ஒன்று முந்திக்கொண்டு வந்ததை அவர் மனைவி பார்த்தாள். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பையனின் முகம் அது.

"இதுதான்! இதேதான்! கல்லு, வேர்வை, குமட்டல். எனக்கும் அச்சு அசல் இதேதான். இடது கைக்கு வலி இறங்குதா?"

"இல்ல."

"இறங்கும், இறங்கும். கொஞ்சம் பொறு."

சகலையின் மனைவி இதற்குள் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டாள். அது வருவதற்குள் தான் எதையாவது செய்தாக வேண்டும் என்று ஹார்ட்டுக்காரருக்குக் கை பரபரத்தது. எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கும் சின்னக் குப்பியை எடுத்தார். அவருடைய டாக்டர் அவருக்கென்று எழுதிக் கொடுத்த மாத்திரை. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டியது. இத்தனை வருடத்தில் அவருக்கே தேவைப்பட்டதில்லை.

"நாக்கைத் தூக்கு" என்றார். சகலை தூக்கினார். மாத்திரை உள்ளே போயிற்று.

"இப்போ பாருங்க, எழுந்து நடப்பான்" என்று ஹார்ட்டுக்காரர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

சகலை நடக்கவில்லை. முகம் வெளுத்து, கண் மேலே செருகி, நாற்காலியிலிருந்து ஈரத்துணி நழுவுகிற மாதிரி நழுவித் தரையில் விழுந்தார். அக்காளும் தங்கையும் ஒரே குரலில் அலறினார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் மாடியேறி வந்து, காலை உயர்த்திப் படுக்கவைத்து, கையில் ஊசி குத்தி சலைன் பாட்டிலை மாட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா குள்ளமாக, நடையில் ஓட்டமும் பேச்சில் சுருக்கமுமாக இருந்தாள். அடைத்திருந்த ரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்துவிட்டு வெளியே வந்தவள் கேட்ட முதல் கேள்வி:

"இவருக்கு நாக்குக்கு அடியில மாத்திரை வச்சது யாரு?"

பெண்கள் இருவரும் அப்போது ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போடப் போயிருந்தார்கள். ஹார்ட்டுக்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தாங்க. எனக்கே இதுல அனுபவம் உண்டு."

டாக்டரம்மா அவரைக் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனாள்.

"உங்க அனுபவம் உங்க இதயத்தோட அனுபவம். இவருக்கு அடிபட்டது இதயத்தோட வலது பக்கம். உடம்பு முழுக்கச் சுத்திட்டு வர்ற ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்குத் தள்ற பக்கம். அது துவண்டு கிடக்கிறப்போ, நிறைய ரத்தம் வந்து நிரப்பினாத்தான் கொஞ்சமாவது தள்ளும். உங்க மாத்திரை என்ன பண்ணுச்சு தெரியுமா? ரத்தக்குழாயை எல்லாம் விரிச்சு விட்டுடுச்சு. ரத்தம் அங்கங்கே தங்கிடுச்சு. இதயத்துக்கு வந்து சேரவே இல்ல. பிரஷர் பாதாளத்துக்குப் போயிடுச்சு."

"அப்போ…"

"நல்ல வேளை, ஆம்புலன்ஸ் உடனே வந்துச்சு. இனிமே உங்க மாத்திரை உங்க வாய்க்கு மட்டும். புரியுதா?"

அவள் போய்விட்டாள். ஹார்ட்டுக்காரர் குழாயைத் திறந்து தண்ணீர் குடித்தார். மூடினார். மறுபடி திறந்து குடித்தார். தாகம் அடங்கவில்லை.

உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் அவர் பெண்கள் இருந்த பக்கம் திரும்பினார். ஆனால் மச்சினி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தான், ஸ்டென்ட் வச்சாச்சாம், உயிருக்கு ஆபத்து இல்லையாம். அந்த நேரத்துல உங்ககிட்ட மட்டும் அந்த மாத்திரை இல்லன்னா என் கதி என்ன ஆகியிருக்கும்!"

ஹார்ட்டுக்காரர் வாயைத் திறந்தார். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து, ஆளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. "அதெல்லாம் என்னம்மா பெரிசா" என்று மென்று விழுங்கினார்.

மறுநாள் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேசினாள். இடது பக்கம் நன்றாக வேலை செய்கிறது. வலது பக்கம்தான் பலவீனமாக இருக்கிறது. நிறையப் பேருக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவிடும், சிலருக்குத் தேறாது. "அது எந்த அளவுக்குத் திரும்பி வருதுங்கிறதைப் பொறுத்துத்தான் இவர் பழையபடி நடமாடுறதும், அடிக்கடி இங்க வந்து படுக்கிறதும். தினமும் காலையில எடை பாருங்க. கால் வீங்குதா பாருங்க. மூச்சு வாங்கினா உடனே வாங்க."

இது ஒரு சித்தியின் காதில் போன் வழியாக விழுந்தது. அதன்பிறகு சேதிக்குக் கால் முளைத்தது. அன்று மாலை விசாரிக்க வந்தவர்கள், சகலைக்கு இதயம் வலது பக்கத்தில் இருக்கிறதாமே என்று கேட்டார்கள். மறுநாள் அது இரண்டு இதயமாகிவிட்டது. லாண்டரிக்குத் துணி போடுகிற பேக்கரிக்காரர் ஒரு படி மேலே போய், "ரெண்டுல ஒண்ணுதானே பழுது? இன்னொண்ணை வச்சு ஓட்டிக்கலாம், கவலைப்படாதீங்க" என்று மச்சினிக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

சகலை வீடு திரும்பியதும் ஜனம் மாடிப்படியில் வரிசை கட்டியது. எல்லாரும் நடுமாடியோடு நின்றுகொண்டார்கள். மேல்மாடிக்கு ஒருத்தரும் ஏறவில்லை. ஹார்ட்டுக்காரர் ஒருமுறை, "அன்னிக்கு நான் சட்டைப் பட்டனை…" என்று ஆரம்பித்தபோது, "உங்களுக்கு வந்தது சாதா தானே, இவருக்கு வலது பக்கமாம்ல?" என்று ஒரு பெரியவர் கையமர்த்திவிட்டார். சாதா என்ற அந்த ஒரு சொல் ஹார்ட்டுக்காரரை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

யாருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தன் நெஞ்சுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டார். ஸ்கேன் எடுக்கிற பெண் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை உருட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வலது பக்கம் ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள்.

"கொஞ்சம்கூடப் பாதிப்பு இல்லையா? நல்லாப் பாத்தீங்களா?"

"சின்னப் பையனோடது மாதிரி இருக்கு."

வீட்டுக்கு வந்தவர் முகத்தைப் பார்த்து மனைவி பயந்துபோனாள். என்ன ஏது என்று குடைந்து விஷயத்தை வாங்கியதும் தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லா இருக்குன்னு சொன்னதுக்கா மூஞ்சியை இப்படித் தொங்கப் போட்டிருக்கீங்க? உலகத்துல இப்படி ஒரு ஆள் உண்டா?"

ஆனால் அவர் முகம் தொங்கியதற்குப் பாதிக் காரணம்தான் அது. மீதிப் பாதி நடுமாடியில் இருந்தது. அவர் படியேறும்போதெல்லாம் மச்சினி கதவைத் திறந்து, "என் தாலியைக் காப்பாத்தினவர் போறார்" என்று பக்கத்து வீட்டாரிடம் காட்டுவாள். சூப் வைத்தால் முதல் கிண்ணம் அவருக்கு. சகலையோ படுத்தபடியே கைகூப்புவார். ஒவ்வொரு கும்பிடும் அவருக்குச் சவுக்கடியாக விழுந்தது.

மனசாட்சியை எப்படியாவது சரிக்கட்ட வேண்டுமே! காலையில் கண்ணாடிக் கடையைத் திறப்பதற்கு முன்னால் லாண்டரிக்குப் போய் ஷட்டரைத் தூக்கினார். மச்சினி கல்லாவில் உட்கார்ந்து துணி வாங்கிப் போட, இவர் மெஷினில் போட்டு எடுத்து, பிழிந்து, உலர்த்தி, இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தார். முதல் வாரம் ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டை முதுகில் இஸ்திரிப் பெட்டியின் உருவம் அப்படியே பதிந்தது. கோட்டுக்குள்ளே போட்டுக்கொள்வதால் தெரியாது என்று வக்கீலிடம் பேசிச் சமாதானம் செய்தார். சாயம் போகும் சிவப்புத் துண்டு ஒன்றை ஹாஸ்டல் படுக்கை விரிப்புகளோடு போட்டு, அத்தனையையும் ரோஜா நிறமாக்கினார்.

சகலை மாடியில் படுத்தபடியே சேதி சொல்லி அனுப்புவார். "சகலை, காலரை உள்பக்கமா இஸ்திரி போடுங்க." "சகலை, கொதிகலன் அடியைச் சுரண்டி நாளாச்சு." "சகலை, வர்ற வழியில பேப்பர் வாங்கிட்டு வந்துடுங்க. அப்படியே தலைக்கு எண்ணெய்." ஹார்ட்டுக்காரர் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. தன் கடையில் மூக்குக் கண்ணாடிக்கு வந்தவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் சகலையைத் தெருக்கோடி வரைக்கும் நடக்கக் கூட்டிப்போக வந்தார் ஹார்ட்டுக்காரர். சகலை கட்டிலில் உட்கார்ந்து, தலையணையை உறைக்குள் திணிப்பதுபோல் காலைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றே?"

"செருப்பு பழசாயிடுச்சு சகலை. இறுக்குது."

"பழசானா தளரும். இறுகற செருப்பை எந்தக் கடையில வாங்கினே?" என்று கேட்டுக்கொண்டே குனிந்தவர் அப்படியே நின்றார். கணுக்கால் இருந்த இடம் தெரியவில்லை. கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி குழியாகவே இருந்தது. "காலையில எடை பாத்தியா?"

"பாத்தேன்."

"எவ்வளவு?"

"நேத்து எவ்வளவோ அவ்வளவுதான்."

"நேத்து எவ்வளவு?"

சகலை ஜன்னல் பக்கம் பார்த்தார். எடை மெஷின் கட்டிலுக்கு அடியில் பேப்பர் கட்டுக்குப் பின்னால் கிடந்தது. மறுபடி ஆஸ்பத்திரியில் படுக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் ஒரு வாரமாக அதன் மேல் ஏறவே இல்லை. படுத்தால் வயிறு உப்புவதையும், குளித்துவிட்டு வந்தால் மூச்சு வாங்குவதையும்கூட மனைவியிடம் மறைத்திருந்தார்.

பழைய ஹார்ட்டுக்காரராக இருந்தால் அந்த இடத்திலேயே ஒரு வைத்தியம் சொல்லியிருப்பார். தண்ணீரே குடிக்காதே என்றிருப்பார், அல்லது தன் மாத்திரை டப்பாவைத் தேடியிருப்பார். நாக்கு நுனி வரைக்கும் வந்ததைக் கடித்துக்கொண்டு, ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருவரும் முறைக்குக் காத்திருந்தார்கள். மச்சினி கடையைப் பூட்டிவிட்டு வந்துகொண்டிருந்தாள். சகலை மூச்சை இழுத்து இழுத்து விடுவதையே ஹார்ட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். இவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் இதைக் காலம் முழுக்கச் சுமக்க வேண்டும்.

"சகலை, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டாதே."

"சொல்லுங்க."

"அன்னிக்கு நான் கொடுத்த மாத்திரை உன்னைக் காப்பாத்தல. அதனாலதான் நீ விழுந்தே. வலது பக்கத்துக்கு அது ஆகாதாம். நான் உன்னைக் கொல்லப் பாத்தேன் சகலை." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

சகலை எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த இதயப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவகாசமாக, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஐசியூவுல இருக்கிறப்பவே டாக்டரம்மா சொல்லிட்டாங்க. எந்த மாத்திரை வேணாம்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?"

ஹார்ட்டுக்காரரின் கண்ணீர் பாதி வழியில் நின்றது. "அப்போ தெரிஞ்சுக்கிட்டேதான் தினமும் கும்பிடு போட்டியா?"

"முதல்ல சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீங்க வந்து கடையைத் திறந்தீங்க. சரி, ஷட்டருக்கு எண்ணெய் போட்டதுக்கு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் கொதிகலன் இருந்துச்சு."

"கொதிகலன் அடியை நான் படுத்துக்கிட்டுச் சுரண்டினேன்டா! முதுகு இன்னும் வலிக்குது!"

"நல்லாச் சுரண்டியிருந்தீங்க" என்றார் சகலை, மூச்சு வாங்கலுக்கு நடுவே, மனப்பூர்வமாக.

ஹார்ட்டுக்காரருக்குக் கோபத்தில் உதடு துடித்தது. ஆனால் சகலையின் வீங்கிய காலைப் பார்த்ததும் கோபம் எங்கே போய் உட்காருவதென்று தெரியாமல் கலைந்துபோயிற்று. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தலைக்கு எண்ணெய் வேற வாங்க வச்சே" என்றார். சகலை சிரித்தார். சிரிக்கச் சிரிக்க மூச்சு முட்டியது. நர்ஸ் ஓடிவந்து இருவரையும் அதட்டினாள்.

டாக்டரம்மா காலை அழுத்திப் பார்த்தாள், கழுத்து நரம்பைப் பார்த்தாள். "வலது பக்கம் சரியாத் தள்ளாததால தண்ணி பின்னாடி தேங்குது. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா சிக்கலாயிருக்கும். கொண்டுவந்தது யாரு?"

இந்த முறை ஹார்ட்டுக்காரர் முன்னால் வரவில்லை. சகலைதான் கையைக் காட்டினார். டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்து, "ஏதாவது கொடுத்தீங்களா?" என்றாள்.

"ஒண்ணும் கொடுக்கலம்மா. சத்தியமா."

"ரொம்ப நல்ல காரியம்."

மூன்று நாள் படுக்கவைத்து, நீர் பிரியும் மருந்தை அளந்து கொடுத்து, வீக்கத்தை இறக்கி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அன்று மச்சினி வழக்கம்போல் முதல் கிண்ணம் சூப்பை அத்தானுக்கு நீட்டினாள். அவர் வாங்கவில்லை. எழுந்து நின்று, மனைவியையும் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சகலை வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டியும் கேட்கவில்லை.

மச்சினி நீட்டிய கிண்ணத்தை நிதானமாகப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அந்தச் சூப்பைத் தானே குடித்தாள். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினாள். புருஷனிடமும் ஒரு வாரம் பேசவில்லை; தெரிந்தே மறைத்தாரே! ஒரே அறையில் அத்தான் நின்றாலும், "அக்கா, உன் வீட்டுக்காரர்கிட்ட அந்த நாற்காலியில ஈரம் இருக்குன்னு சொல்லு" என்பாள். அக்கா அதைத் திருப்பிச் சொல்வதற்குள் அவர் உட்கார்ந்திருப்பார்.

அவரோ லாண்டரிக்கு வருவதை நிறுத்தவில்லை. இனிமேல் அது யாருக்காக என்று அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தினமும் காலையில் நடுமாடிக் கதவைத் தட்டுவார். சகலையை எடை மெஷின்மேல் ஏற்றி, தானே குனிந்து பார்த்து, மச்சினி காதில் விழும்படி எண்ணை உரக்கச் சொல்லிவிட்டுக் கீழே இறங்குவார். மெல்ல மெல்லச் சகலையின் நடை தெருக்கோடியைத் தாண்டிப் பூங்கா வரைக்கும் போனது. பிறகு பூங்காவையே சுற்றி வந்தது.

மறுபடி ஸ்கேன் எடுக்கும் நாள் வந்தது. நாலு பேரும் போனார்கள். கூட ஒருத்தர் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். மச்சினி எழுந்தாள். கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, உன் வீட்டுக்காரரைப் போகச் சொல்லு. எனக்குப் பாக்கத் தைரியம் இல்ல."

இருட்டறையில் திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று மீன் வாயைத் திறந்து மூடுவதுபோல அசைந்துகொண்டிருந்தது. ஹார்ட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் டாக்டரம்மாவின் முகம் விளங்கியது. அவளுக்குச் சிரிக்கவும் தெரியும் என்பதை அன்றுதான் பார்த்தார். அவள் திரையைக் காட்டிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, தடுமாறியபடி வெளியே வந்தார்.

மச்சினி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அக்கா, "என்னங்க?" என்றாள்.

வாழ்நாளெல்லாம் ஒரு பட்டனை வைத்து ஒரு மணிநேரம் பேசிய மனிதருக்கு அன்று பேச்சு வரவில்லை. கையை முஷ்டியாக மூடி, திறந்து, மூடிக் காட்டினார்.

"மூடிக்கிச்சா?" என்று மச்சினி அலறினாள்.

"இல்ல, இல்ல!" அவர் திணறினார். "சுருங்குது! வலது பக்கம் நல்லா சுருங்குது!"

"ஐயோ, சுருங்கிப்போச்சா!" அவள் அக்காள் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். அக்காளும் சேர்ந்துகொண்டாள். வராந்தாவில் இருந்த நோயாளிகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அறைக்குள்ளிருந்து டாக்டரம்மா ஓடிவந்தாள்.

"யாராவது என்ன ஆச்சுன்னு சொல்றீங்களா? இதயம்னா சுருங்கணும்மா. சுருங்கினாத்தான் ரத்தத்தைத் தள்ளும். முன்னாடி சுருங்காம கிடந்துச்சு, இப்போ சுருங்குது. பெரும்பாலும் பழையபடி ஆயிடுச்சு. நல்ல சேதி. அழுகையை நிறுத்துங்க."

அழுகை சட்டென்று நின்றது. மச்சினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நேராக ஹார்ட்டுக்காரர் முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு நல்ல சேதியைக்கூட ஒழுங்காச் சொல்ல வராதா அத்தான் உங்களுக்கு? ஒரு நிமிஷத்துல என் உயிர் போயிடுச்சு!"

ஹார்ட்டுக்காரர் மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள், பேசிட்டா பாருங்க என்று. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

சகலை நெஞ்சில் ஒட்டிய பசையைத் துடைத்தபடி வெளியே வந்து, மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, எனக்கு மோசமா?" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றாள் மனைவி. "அத்தானுக்குத்தான் கொஞ்சம் தண்ணி பிடிச்சிட்டு வாங்க. மெதுவாப் போங்க."

சகலை தண்ணீர்க் குழாயை நோக்கி மெதுவாக நடந்தார்.